பார்லர் வேலை பழகப் போறீங்களா? "எப்பம் கை வைக்க விடுவீங்க"ன்னு கேட்டுட்டு சேருங்க

மே மாசம் பொறந்தா போதும், பிளஸ் டூ முடிச்ச பிள்ளைகளும் அவங்க அம்மாமாரும் என் கடை வாசல்ல வந்து நிப்பாங்க. "எக்கா, இவளுக்கு பார்லர் வேல படிக்கணுமாம், எவ்ளோ ஆவும், எத்தன மாசம்"னு அம்மாதான் கேக்கும், பிள்ள பின்னால நின்னு போன நோண்டிட்டு இருக்கும். ரூபாயும் மாசமும் அப்புறம் பேசலாம், அதுக்கு முன்னாடி கேக்க வேண்டிய ஒண்ணு இருக்கு, "கஸ்டமர் மேல எப்பம் கை வைக்க விடுவீங்க?" இத யாருமே கேக்க மாட்டாங்க. நானும் கேக்கல, அதுல ஆறு மாசம் போச்சு.

2011ல குலசேகரத்துலேர்ந்து டெய்லி பஸ் புடிச்சு நாகர்கோவில்ல ஒரு பார்லருக்குப் பழகப் போனேன். பீஸ் 5,000 ரூபா, ஆறு மாசம். ஆறு மாசமும் நான் பண்ணினது டவல் தொவைக்கிறது, கீழ கெடக்கற முடிய கூட்டுறது, மேடத்துக்கு சாயா வாங்கிட்டு வர்றது, அப்பாயிண்ட்மெண்ட் நோட்டுல பேரு எழுதறது. கடைசி நாள் தங்க கலர்ல பார்டர் போட்ட ஒரு சர்டிபிகேட் தந்தாங்க, அத லேமினேட் பண்ணி வீட்டு சுவத்துல மாட்டிட்டு சித்திக்கு புருவம் எடுக்க நூல வச்சேன் பாருங்க, ஒரு பக்கம் கேள்விக்குறி மாதிரி வளைஞ்சு போச்சு, மறுபக்கம் பாதிய காணோம். பாவம் சித்தி மறுநாள் கல்யாணத்துக்கு கண்மை பென்சில்ல வரைஞ்சுட்டுத்தான் போச்சு, இன்னிக்கும் என்ன பாத்தா புருவத்த கையால மூடிக்கும்.

பொறவு தக்கலைல ஒரு அக்கா கிட்ட போய் திரும்ப முதல்லேர்ந்து பழகினேன். அவிய பீஸ் வாங்கல, மாசம் 1,500 தந்தாவ, ரெண்டாவது மாசமே என் கையில நூலும் குடுத்தாவ. நான் இப்பம் மார்த்தாண்டம் பக்கத்துல ரெண்டு நாற்காலி போட்டு ஒக்காந்திருக்கேன்னா அது அந்த அக்காவால. அதனால இத பழகப் போற பிள்ளைகளுக்காக, நானே திரும்ப சேரப் போனா எந்த வரிசைல செய்வேனோ அந்த வரிசைல எழுதறேன்.

முதல்ல ஒரு சனிக்கிழமை பார்லர்ல போய் சும்மா உக்காருங்க

தெரிஞ்ச அக்கா யாராவது பார்லர் வச்சிருந்தா ஒரு முகூர்த்த சீசன் சனிக்கிழமை காலைலேர்ந்து ராத்திரி வரைக்கும் அங்க இருந்து பாருங்க. ரீல்ஸ்ல வர்ற மாதிரி பிரஷ்ஷ எடுத்து கன்னத்துல தடவுற வேலை நாள்ல அரை மணி நேரம் இருந்தா அதிகம். மீதி நேரம் நிக்கணும், எட்டு ஒம்பது மணி நேரம், அதுவும் குனிஞ்சு. அடுத்தவங்க கால கையில புடிச்சு தேய்க்கணும், கக்கத்துல வேக்ஸ் போடணும், வேர்வை நாத்தம் வந்தாலும் மூஞ்சிய சுளிக்கக் கூடாது. இதெல்லாம் அருவருப்புன்னு தோணினா அது தப்பில்ல, ஆனா அன்னிக்கே தெரிஞ்சுக்கிட்டா ஒரு வருஷம் மிச்சம். வீசிங் இருக்கற பிள்ளைங்க பிளீச் வாடை, முடிய நேராக்கற ஸ்மூத்தனிங் புகை பக்கத்துல நின்னு பாருங்க, ஒத்துக்கலேன்னா மெஹந்தி, சேலை கட்டி விடுறது, நெயில் இந்த மாதிரி பக்கம் யோசிக்கலாம், நெயில்லயும் அக்ரிலிக் வாடை இருக்கும்னு மறந்துடாதீங்க.

அப்புறம் ஒண்ணு, பத்தாவது பாஸ் பண்ணாம இதுல வராதீங்க. புருவம் எடுக்க பத்தாவது எதுக்குன்னு கேப்பீங்க. ஐடிஐல இந்த வேல படிக்க பத்தாவது வேணும். நாளைக்கு துபாய், சவூதின்னு போக நெனச்சா பத்தாவது பாஸ் பண்ணினவங்களுக்கு, வேலைக்குப் போக அரசு கிட்ட தனியா அனுமதி வாங்க வேண்டாத இசிஎன்ஆர் பாஸ்போர்ட் கெடைக்கும். அது இல்லாம, அந்த அனுமதி வாங்க வேண்டிய இசிஆர் பாஸ்போர்ட்டோட 30 வயசுக்குக் கீழ உள்ள பெண்கள் கல்ஃப் நாடுகளுக்கு வேலைக்குப் போக விதி விடாது. நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல வீட்டுக்கு ஒரு ஆள் வெளிநாட்டுல இருக்கற கணக்குல பாத்தா இது சின்ன விஷயமில்ல.

எந்த வழில போறது

ஒண்ணு ஐடிஐ. காஸ்மெட்டாலஜின்னு ஒரு டிரேடு இருக்கு, ஒரு வருஷம், தேசிய தொழிற்பயிற்சி கவுன்சிலோட (என்சிவிடி) சர்டிபிகேட். அரசு ஐடிஐன்னா பீஸ் கெடையாது, மாசம் 750 ரூபா உதவித்தொகையும் பஸ் பாஸும் உண்டு, அரசுப் பள்ளில ஆறுலேர்ந்து பன்னெண்டு வரை படிச்ச பெண் பிள்ளைகளுக்கு புதுமைப் பெண் திட்டத்துல மாசம் 1,000 ரூபாவும் ஐடிஐ படிப்புக்கு கெடைக்கும். நாகர்கோவில் கோணத்துல அரசு ஐடிஐ இருக்குல்ல, அங்க போய் இந்த டிரேடு பக்கத்துல எங்க இருக்கு, எப்ப அப்ளிகேஷன்னு கேளுங்க, நெட்ல தேடிட்டு இருக்காதீங்க, நேர்ல போனா அஞ்சு நிமிஷ வேலை.

ரெண்டு, சட்டப்படி அப்ரண்டிஸா சேர்றது. 1961ல வந்த தொழிற்பழகுநர் சட்டம் இதுக்கு இருக்கு, 2016லேர்ந்து மத்திய அரசு நேப்ஸ்னு ஒரு திட்டம் வச்சு ஸ்டைபண்ட்ல கால் பங்க, மாசம் 1,500 ரூபா வரைக்கும், அதுவே போடுது. இப்பம் அந்த பங்கு நேரா உங்க அக்கவுண்டுக்கு வரும், அதனால ஆதார் லிங்க் பண்ணின பேங்க் கணக்கு வேணும். 2019 விதில பத்தாவது படிச்ச ஆளுக்கு மாசம் குறைஞ்சது 6,000, பன்னெண்டாவதுன்னா 7,000னு வச்சாங்க, நீங்க சேர்ற நேரத்துல எவ்வளவுன்னு அப்ரண்டிஸ்ஷிப் இந்தியா போர்டல்ல பாத்துக்கோங்க. பியூட்டி தெரபிஸ்ட், அசிஸ்டன்ட் பியூட்டி தெரபிஸ்ட், ஹேர் ஸ்டைலிஸ்ட்னு தனித்தனியா கோர்ஸ் இருக்கு. ஆதாரும் மார்க்‌ஷீட்டும் வச்சு நீங்களே ரெஜிஸ்டர் பண்ணலாம், கடையோட போடுற ஒப்பந்தமும் அதுலயே ஏறும், 18 வயசு ஆகலேன்னா அப்பாவோ அம்மாவோ கையெழுத்து போடணும்.

இதுல ஒரு சிக்கல். 4 பேருக்குக் கீழ வேலை செய்யற கடை இந்தத் திட்டத்துல அப்ரண்டிஸ் எடுக்க முடியாது. 30 பேரோ அதுக்கு மேலயோ இருந்தா எடுத்தே ஆகணும். நம்ம ஊர்ல முக்குக்கு முக்கு இருக்கற பார்லர் எல்லாம் ஓனரும் ஒரு பிள்ளையும்தான், அதனால இந்த வழி உங்களுக்கு வேணும்னா நேச்சுரல்ஸ், கிரீன் ட்ரெண்ட்ஸ் மாதிரி செயின் சலூன் பக்கம்தான் விசாரிக்கணும், கெடைச்சா விடாதீங்க, பழகறதுக்கு காசு குடுக்காம காசு வாங்கிட்டுப் பழகறது எவ்ளோ பெரிய விஷயம்.

மூணு, நான் போன மாதிரி சின்ன பார்லர்ல ஓனர் கிட்ட வாய்ப்பேச்சுல சேர்றது. நம்ம மாவட்டத்துல பத்துல ஒம்பது பேரு இப்படித்தான் வர்றாங்கன்னு நான் பாத்த வரைக்கும் சொல்லுவேன், அதனால மீதிய இவங்களுக்காகத்தான் எழுதறேன்.

மாவட்டத்துக்குப் பொறுப்பான லீட் பேங்க் நடத்துற ஊரக சுயவேலைவாய்ப்பு பயிற்சி நிறுவனத்துல ஒரு மாச அளவுக்கு இலவச பியூட்டி பார்லர் கோர்ஸ் உண்டு, சாப்பாடும் அங்கயே. அது நல்லது, ஆனா ஒரு மாசத்துல கை வராது, அத முடிச்சுட்டு பார்லர்ல சேர்ந்தா கேக்கறதுக்கு உங்களுக்கு கேள்வி இருக்கும், அதான் லாபம். லட்சக்கணக்குல பேக்கேஜ் போட்டு மேக்கப் அகாடமின்னு வர்ற விளம்பரத்துக்கு முதல் வருஷத்துல போகாதீங்க. புருவம் எடுக்கத் தெரியாம ஏர்பிரஷ் படிச்சுட்டு வந்த பிள்ளைகள நான் பாத்திருக்கேன்.

கடைய கஸ்டமரா போய் பாருங்க

வேலை கேட்டு போறதுக்கு முன்னாடி புருவம் எடுக்கப் போங்க. எங்க பக்கம் அம்பது அறுபது ரூபாதான், அத செலவுன்னு நெனக்காதீங்க. நாற்காலில உக்காந்துட்டு கண்ண நல்லா தொறந்து வச்சுக்கோங்க. நூல் புதுசா வெட்டி எடுக்கறாங்களா, இல்ல முந்தின ஆளுக்கு எடுத்த நூலேவா. கத்திரியும் டுவீசரும் கழுவித் தொடச்சு வச்சிருக்காங்களா. ஓரத்துல நீல லைட் எரியற பெட்டி இருக்கும், அதுல போட்டா எல்லா கிருமியும் செத்துரும்னு நெனக்காதீங்க, அது ஏற்கனவே சுத்தம் பண்ணின சாமான வைக்கிற அலமாரி, அவ்வளவுதான். பக்கத்து சீட்ல வேக்ஸ் போட்டா, வேக்ஸ் தடவற தட்டைக் கத்திய தோல்ல தடவிட்டு அதே கத்திய திரும்ப டப்பாவுக்குள்ள விடறாங்களான்னு பாருங்க, விட்டா ஒரு ஆள் தோல்ல உள்ளது அடுத்த ஆளுக்குப் போகும்.

எல்லாத்தவிட முக்கியமா, அங்க ஏற்கனவே பழகற பிள்ளை இருந்தா அது என்ன செய்யுதுன்னு பாருங்க. ஒரு வருஷமா இருக்கற பிள்ளை இன்னும் டவல் மடிச்சுட்டு இருந்தா நீங்களும் அதான். அது ஒரு கஸ்டமருக்கு ஹேர் வாஷ் பண்ணிட்டு இருக்க, ஓனர் தூரத்துல நின்னு "மக்ளே, காதுப் பக்கம் தண்ணி போவாம புடி"ன்னு ஒரு வார்த்த சொன்னா, அதான் நீங்க தேடற இடம்.

கடை எத்தன மணிக்கு அடைப்பாங்க, உங்க ஊருக்கு கடைசி பஸ் எப்பன்னு கேளுங்க. பேச்சிப்பாறை, கடையல் பக்கத்துலேர்ந்து வர்ற பிள்ளைகளுக்கு இது வாழ்வா சாவா பிரச்சன, கல்யாண சீசன்ல எட்டரை மணி வரை வேலை இழுக்கும், அப்பா பைக்கோட வாசல்ல நின்னா ரெண்டாவது வாரமே வீட்டுல வேண்டாம்னு சொல்லிருவாங்க.

ஓனர் கிட்ட பேசறது

இங்க வெக்கப்படாதீங்க. "அக்கா, நான் நல்லா வேலை செய்வேன், கூட்டவும் செய்வேன், டவலும் தொவைப்பேன், ஆனா எத்தனாவது மாசம் எதுல கை வைக்க விடுவீங்கன்னு சொல்லிருங்க"ன்னு நேராவே கேளுங்க. நல்ல ஓனர் கோவப்பட மாட்டாங்க, யோசிச்சு சொல்லுவாங்க. என் கடைல நான் சொல்ற கணக்கு இதுதான்: முதல் மாசம் பாக்கறதும் சுத்தமும் ஹேர் வாஷும், ரெண்டாவது மாசம் என் புருவத்துல நூல் வைக்கலாம், மூணாவது மாசம் கஸ்டமர் சம்மதிச்சா நான் பக்கத்துல நிக்கும்போது புருவம், கை வேக்ஸ். அஞ்சாவது மாசம் மொகத்துக்கு கிளீனப், காலுக்கு பெடிக்யூர். ஃபேஷியல் மசாஜ் அதுக்கும் பொறவு, ஹேர் கலர் எட்டாவது மாசத்துக்கு முன்னாடி கெடையாது. முடி வெட்டறது தனி உலகம், அதுக்கு இன்னொரு வருஷம் வேணும். வேற ஓனர் வேற கணக்கு சொல்லலாம், ஏதோ ஒரு கணக்கு சொன்னா போதும். "வா பாத்துக்கலாம்"னு மட்டும் சொன்னா பாத்துட்டே இருக்க வேண்டியதுதான்.

சொன்னத ஒரு வெள்ளத்தாள்ல எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து போட்டு ஆளுக்கு ஒண்ணு வச்சுக்கோங்க. பீஸ் உண்டா, மாசம் ஏதாவது தருவாங்களா, பஸ் காசு யாரு, லீவு எந்த நாள், எத்தன மணிலேர்ந்து எத்தன மணி வரைன்னு எல்லாம் அதுல வரணும். ஸ்டாம்பு பேப்பர் எல்லாம் வேண்டாம், எழுதி வச்சதாலயே ரெண்டு பேருக்கும் ஞாபகம் இருக்கும்.

ஒரே ஒரு விஷயத்துல கண்டிப்பா இருங்க, ஒரிஜினல் மார்க்‌ஷீட்ட யார் கிட்டயும் குடுக்காதீங்க. "நடுவுல ஓடிப் போயிருவ, இங்க இருக்கட்டும்"னு கேப்பாங்க. என் கூட பழகின பிள்ளை ஒண்ணு அப்படிக் குடுத்துட்டு நர்சிங் சீட்டு கெடைச்சப்போ அத வாங்க முடியாம ரெண்டு மாசம் அலைஞ்சா. ஜெராக்ஸ் குடுங்க, அதுவே போதும்.

முதல் நாள் என்ன கொண்டு போறது

கருப்பு டாப்பு, தட்டையான செருப்பு, வெட்டின நகம், கட்டின முடி, ஒரு குட்டி நோட்டு. நூல்கண்டு ஒண்ணு, நல்ல டுவீசர் ஒண்ணு, சின்ன கத்திரி ஒண்ணு. இதுக்கு மேல ஒண்ணும் வாங்காதீங்க, மேக்கப் கிட் இப்பம் வாங்கினா உங்களுக்கு பிரைடல் கை வர்றதுக்குள்ள எக்ஸ்பயரி ஆயிரும்.

கூட்டறதயும் கேவலமா நெனக்காதீங்க, ஆனா கூட்டும்போது கண்ணு நாற்காலி மேல இருக்கணும். தக்கலை அக்கா நோட்டுல ஒரு பழக்கம் கத்துத் தந்தாவ, ஒவ்வொரு கஸ்டமர் போன பொறவும் ஒரு வரி எழுதணும், தோல் எப்படி, என்ன போட்டாங்க, செவந்துச்சா, கஸ்டமர் என்ன சொல்லிச்சு. நாலு மாசத்துல அந்த நோட்டு எந்த புஸ்தகத்தவிடவும் பெருசா ஆயிரும்.

நூல் பழகறது எப்படின்னு கொஞ்சம் விரிவா

நம்ம வேலைக்கு அரிச்சுவடி இதுதான், அதனால இங்க கொஞ்சம் நிக்கறேன். மூணடி அளவுக்கு நூல எடுத்து ஒரு முனைய பல்லுல கடிச்சுக்கிட்டுத்தான் பழைய ஆளுங்க எடுப்பாங்க, நானும் அப்படித்தான் பழகினேன், இப்பம் கழுத்துல சுத்தி எடுக்கற முறைய பழகுங்க, எச்சி பட்ட நூல் கஸ்டமர் கண்ணு பக்கத்துல போறது நல்லதில்ல. நடுவுல எட்டு பத்து முறுக்கு போட்டு, அந்த முறுக்கு முன்னாடியும் பின்னாடியும் ஓடற மாதிரி விரல விரிச்சு மடக்கணும். முதல் ஒரு வாரம் முடியே வேண்டாம், காத்துலயே ஓட்டுங்க, டிவி பாக்கும்போது, பஸ்ல உக்காந்துட்டு, கண்டக்டர் ஒரு மாதிரி பாப்பாரு, பாத்துட்டுப் போகட்டும்.

பொறவு உங்க கால்லயே எடுங்க. முழங்காலுக்குக் கீழ பவுடர் போட்டு முடி வளர்ற திசைக்கு எதிர்ல நூல ஓட்டுங்க. முடி வேரோட வந்தா சரி, பாதில அறுந்தா முறுக்கு தளர்வு, தோலோட கிள்ளினா நூல் ரொம்ப சரிஞ்சு படுத்திருக்கு இல்லேன்னா தோல இழுத்துப் பிடிக்கல. எனக்கு ரெண்டு காலும் பதினஞ்சு நாள் புள்ளி புள்ளியா செவந்து கெடந்துச்சு, அம்மா கொசுக்கடின்னு நெனச்சு தேங்காண்ணெ தேச்சு விட்டாவ. கால் தேறினப் பொறவு அம்மா, சித்தி, பக்கத்து வீட்டு அக்காமாரு. புருவத்துல கை வச்சா மேல் பக்கம் லேசா சுத்தம் மட்டும், வடிவம் எல்லாம் கீழ் பக்கத்துல எடுக்கணும், எடுத்துட்டு எடுத்துட்டு நாற்காலிய விட்டு ரெண்டடி பின்னால போய் ரெண்டு புருவத்தயும் சேத்துப் பாருங்க. கிட்ட நின்னே பாத்தா ஒண்ணு மெலிசாகும், அத சரி பண்ண மத்தது மெலிசாகும், கடைசில சித்தி கதைதான். நான் நாப்பது பேருக்கு எடுத்த பொறவுதான் அக்கா தன் கஸ்டமர தொட விட்டாவ.

வேக்ஸும், நான் பண்ணின தப்பும்

நம்ம ஊரு வேர்வை உங்களுக்கே தெரியும். வேக்ஸ் போடற இடத்துல ஈரம் இருந்தா ஒட்டாது, பவுடர் போட்டு உலர்த்தி, சூடு உங்க மணிக்கட்டு உள்பக்கத்துல வச்சுப் பாத்து, முடி வளர்ற திசைல தடவி, தோல ஒரு கையால இறுக்கிப் பிடிச்சு எதிர் திசைல படுக்க வச்சு இழுக்கணும், மேல தூக்கி இழுத்தா ரத்தம் கட்டும். இது எல்லாரும் சொல்லித் தருவாங்க.

யாரும் சொல்லாதது இது. தக்கலைல பழகும்போது ஒரு நாள் அக்கா பேங்குக்குப் போயிருந்தாவ, நிச்சயத்துக்கு முந்தின நாள் ஒரு பிள்ளை அப்பர் லிப் வேக்ஸ் பண்ண வந்துச்சு. எனக்கு கை வந்துருச்சுன்னு ஒரு தெனாவெட்டு. போட்டேன், இழுத்தேன், பட்டையோட தோலும் உரிஞ்சு வந்துருச்சு. மீசை மாதிரி ஒரு செவப்புக் கோடு, அந்தப் பிள்ளை கண்ணாடியப் பாத்து ஒரு சத்தமும் போடல, கண்ணுலேர்ந்து தண்ணி மட்டும் ஊத்துது. எனக்கு கை காலெல்லாம் வெப்ராளத்துல நடுங்குது. பச்சத் தண்ணி துணிய வச்சுட்டு அக்காவுக்கு போன் போட்டேன். அவிய வந்து கேட்ட முதல் கேள்வி, "மக்ளே, மொகப்பருவுக்கு டாக்டர் கிரீம் ஏதாவது போடுதியா?" ஆமா, மூணு மாசமா போட்டுட்டு இருந்திருக்கு. ரெட்டினாய்டு வகை கிரீம் போடறவங்களுக்கும், பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிடறவங்களுக்கும் தோல் மெலிஞ்சு இருக்கும், வேக்ஸ் போட்டா உரியும். அது எனக்குத் தெரியாது, தெரியாதுன்னு கூட தெரியாது.

அன்னிலேர்ந்து யார் வந்து உக்காந்தாலும் நாலு கேள்வி கேக்காம நான் டப்பாவ தொறக்கறதில்ல. மொகத்துக்கு டாக்டர் குடுத்த கிரீமோ மாத்திரையோ உண்டா, சுகர் இருக்கா, மாசமா இருக்கீங்களா, முன்னாடி எதுக்காவது அலர்ஜி வந்திருக்கா. சுகர் உள்ளவங்களுக்கு பெடிக்யூர்ல பிளேடால பித்தவெடிப்ப சீவறதே கூடாது, அவங்களுக்கு வலி தெரியாம இருக்கலாம், சின்ன காயம் ஆறாம பெருசாயிரும். ஹேர் கலருக்கு 48 மணி நேரம் முன்னாடி காது பின்னாலயோ முழங்கை மடிப்புலயோ ஒரு சொட்டு வச்சுப் பாக்கணும். போன தடவ ஒண்ணும் ஆகலேன்னு சொல்லுவாங்க, கலர்ல உள்ள பிபிடிங்கற கெமிக்கலோட அலர்ஜி அஞ்சாவது தடவ கூட வரும். ஒரு மணி நேரத்துல கருகருன்னு கருப்பா புடிக்கிற "பிளாக் ஹென்னா"லயும் அதே சரக்குதான் கலக்கறாங்க, கல்யாணப் பொண்ணு கையில அத வைக்காதீங்க.

ஸ்மூத்தனிங், கெராட்டின் பண்ணும்போது கண்ணு எரிஞ்சா ஜன்னல தொறங்க, ஓனர் ஏசி வீணாகுதுன்னு சொன்னாலும். அயர்ன் சூட்டுல ஃபார்மால்டிஹைட் வாயு வெளிய வரும், டப்பா மேல அந்தப் பேரு இல்லாத சரக்குலேர்ந்தும் வரலாம். கஸ்டமர் ஒரு நாள்தான் மூச்சுல இழுக்கும், புகைய டெய்லி இழுக்கறது பழகற பிள்ளைதான். கிளவுஸும் அப்படியே, "பழகின கைக்கு கிளவுஸ் எதுக்கு"ன்னு கேலி பண்ணுவாங்க, ஷாம்புலயும் கலர்லயும் கெடந்து விரலிடுக்கு வெடிச்ச பொறவு நூல் புடிக்க முடியாது.

வெள்ளையாக்கற கிரீம் விக்கச் சொன்னா மாட்டேன்னு சொல்லிருங்க. 2023ல பக்கத்துல கேரளாவுல பாதரசம் கலந்த ஃபேர்னஸ் கிரீம் போட்டவங்களுக்கு கிட்னி கெட்டுப் போய், அந்த அரசு ஆபரேஷன் சௌந்தர்யான்னு கடை கடையா சோதனையே போட்டுச்சு. களியக்காவிளை தாண்டினா கேரளா, அங்க விக்கற டப்பா இங்க வராதுன்னு நெனக்கறீங்களா. லேபிள்ல கம்பெனி அட்ரஸ், லைசென்ஸ் நம்பர் இல்லாத எதையும் தொடாதீங்க.

கல்யாண வேலை

காசு இங்கதான். உங்க முதல் வருமானம் மேக்கப்புலேர்ந்து வராது, சேலைலேர்ந்து வரும். முந்தின நாளே பட்டு சேலைக்கு மடிப்பு வச்சு அயர்ன் பண்ணி கிளிப் போட்டு வைக்கறத நல்லா பழகிட்டா பழகற காலத்துலயே ஓனர் கூட்டிட்டுப் போவாங்க, தனியாவும் கூப்பிடுவாங்க. எத்தன பின் குத்தினீங்கன்னு எண்ணி வச்சுக்கோங்க, கழட்டும்போது அத்தனையும் வரணும், ஒரு பொண்ணுக்கு இடுப்புல மறந்து போன பின்னு கார்ல உக்காந்ததும் குத்தி, அத இப்பமும் சொல்லி சிரிப்பாங்க.

நம்ம மாவட்டத்துல ஒரே வாரத்துல சர்ச் கல்யாணம், மண்டபத்துல முகூர்த்தம், நிக்காஹ் மூணும் வரும். சர்ச்சுக்கு வெள்ளை சேலையோ கவுனோ, தலைக்கு நெட்டு, கிரீடம், பூச்செண்டு. மண்டபத்துக்கு தோவாளைலேர்ந்து பிச்சியும் மல்லியும் வந்து எறங்கும், அத பாரம் தாங்கற மாதிரி சவுரி வச்சு கட்டணும். நிக்காஹ்வுக்கு தலைய மூடற துப்பட்டா எந்த இடத்துல நிக்கணும்னு பெரியம்மாமாரு சொல்லுவாங்க, அவங்க சொல்றத கேளுங்க, யூடியூப்ப காட்டாதீங்க. மூணு வகை வீட்டுக்கும் அசிஸ்டன்ட்டா போய்ட்டு வந்தாத்தான் கை விரியும்.

கலர் விஷயத்துல என் கருத்த சொல்லிர்றேன். மாநிறப் பொண்ணுக்கு மூணு ஷேடு வெள்ளையா ஃபவுண்டேஷன் பூசி, கழுத்து ஒரு நிறம் மொகம் ஒரு நிறமா நிக்க வைக்கறது எனக்கு பிடிக்கவே பிடிக்காது, வீட்டுக்காரங்க கேட்டாலும் தாடைல ரெண்டு ஷேடு தடவிக் காட்டி வெளிய வெயில்ல நிறுத்தி போன்ல போட்டோ எடுத்து காட்டுவேன், பாதி பேரு அதுலயே ஒத்துக்குவாங்க.

சீசன் கணக்கும் தெரிஞ்சுக்கோங்க. ஆடிலயும் மார்கழிலயும் முகூர்த்தம் கெடையாது, தவக்காலத்துல சர்ச் கல்யாணம் அநேகமா இருக்காது. ஆவணி, தை, ஈஸ்டர் முடிஞ்ச பொறவு, அப்புறம் கல்ஃப்காரங்க லீவுல வர்ற மாசங்கள், இதுல ஓடி ஓடி வேலை இருக்கும். சும்மா இருக்கற மாசத்துல புதுசா ஒண்ணு பழகுங்க, ஓடற மாசத்துல லீவு கேக்காதீங்க, ஓனருக்கு உங்க மேல உள்ள மதிப்பு இதுலதான் ஏறும் எறங்கும்.

ஒரு வருஷம் ஒன்றர வருஷம் ஆச்சு, அப்புறம்?

அங்கயே சம்பளத்துக்கு நிக்கலாம், சம்பளத்தோட நீங்க செய்யற வேலைக்கு கமிஷன் கேளுங்க. தனியா தொடங்கணும்னா முதல்ல வீட்டு முன் ரூம் போதும், சின்னத் தொழில அரசு கிட்ட பதியற உத்யம் ரெஜிஸ்ட்ரேஷன் ஆன்லைன்ல இலவசம், அதுக்கு காசு கேக்கற ப்ரோக்கர நம்பாதீங்க. மத்திய அரசோட முத்ரா திட்டத்துல சிசு கடன் 50,000 வரைக்கும் ஈடு இல்லாம உண்டு, நாற்காலியும் ஸ்டீமரும் வேக்ஸ் ஹீட்டரும் அதுல வந்துரும். கடல் பக்கத்துல கடை போடறவங்க போர் தண்ணிய பாத்துக்கோங்க, உப்புத் தண்ணில ஷாம்பு நுரைக்காது, கஸ்டமர் ஷாம்புவத்தான் திட்டும்.

வெளிநாடுன்னா ஏஜெண்ட் லைசென்ஸ் உள்ள ஆளான்னு மத்திய அரசோட இமைக்ரேட் சைட்ல பாருங்க. அவங்க வாங்கற சர்வீஸ் சார்ஜ் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான், அதுக்கு மேல லட்சம் கேட்டா எழுந்து வந்துருங்க. விசிட் விசால போய் அங்க மாத்திக்கலாம்னு சொன்னாலும் எழுந்து வந்துருங்க.

சரி, கடை கேட்டு போறதுக்கு முன்னாடி ஒண்ணு மட்டும். சனி ஞாயிறு போகாதீங்க, முகூர்த்தத்துக்கு முந்தின நாள் போகவே போகாதீங்க, ஓனர் முகம் குடுத்துப் பேச மாட்டாங்க. ஒரு புதன்கிழமை மத்தியானம் ரெண்டரைக்கு மேல போங்க, அப்பத்தான் சோத்த தின்னுட்டு காத்தாடிக்குக் கீழ காலு நீட்டி உக்காந்திருப்போம்.